ருவைஸில் நான் படித்த சவரம்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் இங்கே தரப்படுகிறது.)



"எதைப் பற்றிப் பேசப் போறியள்?" என்று செயலாளர் ரெலிபோனில் கேட்டார். "முகம் வழிக்கிறதைப் பற்றி" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "அண்ணை, பகிடி விடுறியளோ?" என்றார். பகிடி இல்லை. போன வருசம் ஒருவர் நீரிழிவைப் பற்றிப் பேசினார், அதற்கு முதல் வருசம் ஒருவர் வீட்டுக் கடனைப் பற்றிப் பேசினார். இரண்டும் பெரிய விசயம். நான் பேச வந்தது சின்ன விசயம்தான். ஆனால் ஆம்பிளைகள் நாங்கள் அநேகமாக ஒவ்வொரு நாளும் செய்கிற, ஒருவரும் ஒழுங்காகச் சொல்லித் தராத விசயம். அதை நான் ஒழுங்காகப் படித்தது ஊரிலும் இல்லை, இந்த லண்டனிலும் இல்லை. பாலைவனத்தில், ருவைஸில்.

ருவைஸ் எங்கே இருக்குது என்று பலருக்குத் தெரியாது. அபுதாபி நகரத்தில் இருந்து மேற்கே ஏறக்குறைய 240 கிலோமீற்றர். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் மணல். 1980களின் தொடக்கத்தில் அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. பிறகு வாயு ஆலை, உரத் தொழிற்சாலை, பிளாஸ்ரிக் மூலப்பொருள் தொழிற்சாலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்றைக்கு அந்தச் சுத்திகரிப்பு ஆலை ஒரு நாளைக்கு 8 இலட்சம் பீப்பாய்க்கு மேல் எண்ணெயைக் கையாளக்கூடியது. 1983க்குப் பிறகு ஊரில் இருக்க முடியாமல் வெளிக்கிட்ட எங்கட பெடியள் கொஞ்சப்பேர் ஐரோப்பாவுக்கு வர முதல் அந்தப் பக்கம்தான் போனார்கள். நானும் அதில் ஒருவன்.

அந்த நாட்டு எண்ணெயோடும் வாயுவோடும் கந்தகமும் சேர்ந்து வருகிறது. வாயுவில் அது ஐதரசன் சல்பைட்டாக இருக்கும். ருவைஸுக்குத் தென்கிழக்கே பாலைவனத்தின் உள்ளே ஷா என்று ஒரு வாயு வயல் இருக்கிறது. அங்கே வருகிற வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு இந்த நஞ்சுதான். அதைப் பிரித்து, மஞ்சள் கந்தகமாக்கி, ரெயிலில் ஏற்றி ருவைஸ் துறைமுகத்துக்குக் கொண்டு வருகிறார்கள். அந்த நாட்டின் முதல் சரக்கு ரெயில் பாதையே இந்தக் கந்தகம் ஏற்றத்தான் போடப்பட்டது.

ஐதரசன் சல்பைட்டு கூழ்முட்டை மணம் மணக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லாத பகுதி என்னவென்றால், காற்றில் அது பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப் போய்விடும். மணம் இல்லை, அப்ப வாயுவும் போய்விட்டது என்று நினைப்போம். அது போகவில்லை, எங்கட மூக்குத்தான் போய்விட்டது. 500, 700 என்று ஏறினால் சில நிமிசத்தில் ஆள் விழுந்துவிடும். காற்றை விடப் பாரமானதால் குழிகளிலும் தொட்டிகளின் அடியிலும் படுத்துக் கிடக்கும். விழுந்தவரைத் தூக்கப் போனவரும் விழுவார். அதனாலேதான் அந்த இடங்களில் வேலை செய்கிறவர்கள் முழு முகத்தையும் மூடுகிற சுவாச மாஸ்க் போட வேண்டும், அதைப் போட்டுப் பழகியிருக்க வேண்டும்.

இங்கேதான் சவரம் வருகிறது. மாஸ்க்கின் றப்பர் விளிம்பு தோலில் நேராக ஒட்ட வேண்டும். நடுவிலே இரண்டு நாள் தாடி நின்றால், ஒவ்வொரு மயிரும் விளிம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். ஓலைக் கதவுக்குக் கீழே ஈர்க்குச்சி வைத்த மாதிரி. அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வாயுவுக்கு அது போதும். முதுகில் காற்றுச் சிலிண்டர் பூட்டின மாஸ்க் என்றால் காற்று வெளியே ஒழுகி, அரை மணித்தியாலம் வர வேண்டிய சிலிண்டர் அதற்கு முதலே முடிந்துவிடும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது: மாஸ்க்கின் விளிம்பு தோலில் படுகிற இடத்தில் மயிர் இருக்கக் கூடாது. உலகம் முழுவதும் எண்ணெய் ஆலைகளில் இதே நடைமுறைதான். விளிம்புக்கு உள்ளே அடங்குகிற சின்ன மீசை பரவாயில்லை. சமய நம்பிக்கையால் தாடி வைத்திருப்பவர்களுக்குத் தலையோடு மூடுகிற, காற்று ஊதுகிற தொளதொளப்பான கவசம் இருக்கிறது. ஆனால் உடனே ஆளைக் கொல்லக்கூடிய அளவு நஞ்சுள்ள இடத்துக்கு அது ஏற்றதல்ல.

இந்தக் கதை ருவைஸில் தொடங்கியதும் இல்லை. 1915இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்துக்குப் பக்கத்தில் ஜேர்மன் படை குளோரீன் வாயுவைத் திறந்து விட்டது. அதற்குப் பிறகு போர்க்களத்தில் மாஸ்க் வந்தது, மாஸ்க்கோடு தினசரிச் சவரமும் வந்தது. அமெரிக்கா 1918இல் தன் படையினருக்கு ஜில்லெட் றேசர்களை இலட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தது. எங்கட அப்பாமார் ஆபிசுக்குப் போக முதல் முகம் வழித்த பழக்கத்துக்குப் பின்னாலே அந்தப் பதுங்குகுழிகளின் மணமும் கொஞ்சம் இருக்குது.

இனி ஒரு தம்பியின் கதையைச் சொல்லுகிறேன். பேர் சொல்லமாட்டேன். 1990களின் நடுப்பகுதி. ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்துகிற காலம், எங்கட ஆட்கள் 'சட்டவுன்' என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஒப்பந்தக் கம்பனிகள் நிறையப் பேரை எடுக்கும். வடமராட்சிப் பெடியன் ஒருவன் வந்தான், 22 வயசு. கழுத்திலும் தாடையிலும் சிவப்புச் சிவப்பாகக் கட்டி. சில கட்டிகளில் சீழ். தாடையை வழிக்க முடியாமல் மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டான். வாசலில் பாதுகாப்பு அதிகாரி முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். அன்றைய சம்பளம் இல்லை. அடுத்த நாள் உலர்ந்த முகத்தில் புது றேசரை மேலும் கீழுமாக இழுத்து, இரத்தத்தோடு போனான். உள்ளே விட்டார்கள். மாஸ்க்குக்கு உள்ளே வேர்வை அந்தக் காயத்தில் பட்டு எரிய, வேலை நடுவே விளிம்பை விரலால் கொஞ்சம் தூக்கியிருக்கிறான். பக்கத்தில் நின்றவர் கண்டு கத்தினதால் ஒன்றும் நடக்கவில்லை. வாயு வராத நாள், கடவுள் காப்பாற்றினார்.

அன்றிரவு காம்பில் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் தம்பி இப்படி வழிக்கிறாய்?" அவன் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் நிற்குது. "எனக்கு ஒருத்தரும் காட்டித் தரேல்லை அண்ணை." அவனுக்கு 12 வயசில் தகப்பன் இல்லாமல் போனார். அம்மாவோடும் மூன்று அக்காமாரோடும் வளர்ந்தான். தாடி முளைத்த நேரம் ஊரில் வழிக்கிற சாமானுக்கும் தட்டுப்பாடு, காட்டித் தர ஆம்பிளையும் தட்டுப்பாடு. இந்த மண்டபத்திலும் அப்படி வளர்ந்தவர்கள் இருப்பீர்கள். அதனாலேதான் இந்தத் தலைப்பு.

அவனுக்கு வந்த கட்டிக்குக் காரணம் ஊத்தையும் இல்லை, கெட்ட இரத்தமும் இல்லை. எங்களில் பலருக்குத் தாடி சுருளும். சுருண்ட மயிரைத் தோலுக்குக் கீழே போகும்படி அடியோடு வெட்டினால், கூர்மையான நுனி நேரே வெளியே வராமல் வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். உடம்பு அதை முள்ளு என்று நினைத்துக் கட்டி போடும். இரண்டு பிளேட் றேசர் 1971இல் வந்தது, மூன்று பிளேட் 1998இல், ஐந்து பிளேட் 2006இல். விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி முதல் பிளேட் மயிரை இழுக்கும், அடுத்தது இன்னும் கீழே வெட்டும். நேர் மயிர் உள்ளவருக்கு அது வழுவழுப்பு. சுருள் மயிர் உள்ளவருக்கு அதுவே வினை.

எனவே அவன் முன்னால் இரண்டு தேவை நின்றன. மாஸ்க்குக்கு முள் இருக்கக் கூடாது. தோலுக்கு மயிரை அடியோடு வெட்டக் கூடாது. இரண்டுக்கும் நடுவிலே ஒரு வழி இருக்கிறது. அந்த வழி விலை கூடின றேசரில் இல்லை. தண்ணி, சவர்க்காரம், பிறஷ், பொறுமை, இந்த நாலிலும்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன்.

முதலில் தண்ணி. யாழ்ப்பாணத்துக்கு அடியில் இருக்கிறது சுண்ணாம்புக்கல். கிணத்துத் தண்ணியில் அது கரைந்து வரும். சவர்க்காரம் போட்டால் நுரைக்க முதல் வெள்ளை அழுக்கு மாதிரித் திரளும். லண்டன் தண்ணியும் அதே சாதிதான், இங்கேயும் நிலத்தடியில் சுண்ணக்கல். நம்பாவிட்டால் வீட்டுக் கேத்திலைத் திறந்து பாருங்கள். ருவைஸில் நாங்கள் பாவித்தது கடல் தண்ணியைக் காய்ச்சி வடித்த தண்ணி. குழாய் அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் உப்புச் சேர்த்தாலும் அது மென்மையான தண்ணி. ஊரில் அரை நாள் தேய்த்தாலும் வராத நுரை அங்கே பிறஷை நாலு சுற்றுச் சுற்ற வெண்ணெய் மாதிரி எழும்பியது. "என்ன அண்ணை, சவர்க்காரம் நல்லதோ?" என்று தம்பி கேட்டான். சவர்க்காரம் இல்லை, தண்ணி. இங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு சின்ன வழி: கேத்திலில் கொதிக்க வைத்து, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்ட தண்ணியைப் பாவியுங்கள். கொதிக்கும்போது சுண்ணாம்பில் ஒரு பகுதி கேத்திலிலேயே படிந்துவிடும். அந்தத் தண்ணியில் நுரை நன்றாக வரும்.

தாடி மயிர் உலர்ந்து இருக்கும்போது விறைப்பு. இரண்டு மூன்று நிமிசம் சுடுதண்ணியில் ஊறினால் தண்ணியை உறிஞ்சி மெத்தென்று வரும், பிளேட் இழுக்காமல் வெட்டும். குளித்து முடிந்த கையோடு வழிக்கிறது நல்லது என்று சொல்வது இதனாலேதான். ருவைஸில் ஆடி மாதத்தில் இந்தக் கரைச்சலும் இல்லை. கூரைத் தொட்டி வெயிலில் காய்ந்து, குளிர் தண்ணிக் குழாயிலேயே சுடுதண்ணி வரும்.

அடுத்தது பிறஷ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் இதைத்தான் வீண் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். பிறஷ் மூன்று வேலை செய்யும். சவர்க்காரத்தையும் தண்ணியையும் காற்றையும் கடைந்து தடித்த நுரை ஆக்கும். அந்த நுரையை ஒவ்வொரு மயிரின் அடிக்கும் கொண்டு போகும். படுத்துக் கிடக்கிற மயிரை எழுப்பி நிறுத்தும். டப்பாவில் இருந்து வரும் நுரை முகத்துக்கு மேலே படுத்திருக்கும், அவ்வளவுதான்.

பிறஷின் மயிர் எதனாலே செய்தது என்பது முதல் கேள்வி. பன்றி மயிர் மலிவு. புதிதில் எங்கட தும்புத்தடி மாதிரி விறைப்பாக இருக்கும். பாவிக்கப் பாவிக்க ஒவ்வொரு மயிரின் நுனியும் இரண்டு மூன்றாகப் பிரியும், வேப்பங்குச்சியைச் சப்பச் சப்ப நுனி பிரிகிற மாதிரி. ஒரு மாதம் பொறுத்தால் நல்ல பிறஷ். மயிரே தண்ணியை உறிஞ்சுவதால் முதலில் சில நிமிசம் ஊற வைக்க வேண்டும். அடுத்தது பாட்ஜர் என்ற, வளை தோண்டும் மிருகத்தின் மயிர். நுனி மெல்லியது, மயிருக்கு இடையில் தண்ணியை நன்றாகப் பிடித்து வைக்கும். இதுதான் விலை கூடினது. 'பியூர்', 'பெஸ்ற்', 'சில்வர்ரிப்' என்று தரம் போடுவார்கள், ஆனால் எல்லாக் கம்பனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் 'பெஸ்ற்' இன்னொருவரின் 'பியூர்'. இங்கிலாந்தில் பாட்ஜர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மிருகம். கடையில் இருக்கிற மயிர் பெரும்பாலும் சீனாவில் இருந்து வருவது. அங்கே அந்த மிருகங்கள் படுகிற பாட்டைப் பற்றி வெளிவந்த செய்திகளுக்குப் பிறகு சில கம்பனிகள் அதை விட்டுவிட்டன.

மூன்றாவது செயற்கை இழை. அந்த நாளைய நைலோன் பிறஷ் சட்டி கழுவுகிற மாதிரி இருக்கும், அதனாலே பேர் கெட்டுப் போச்சு. இப்ப வருகிற இழை நுனியில் ஒடுங்கி, மிகவும் மென்மையாக இருக்கும். ஊற வைக்கத் தேவையில்லை, கெதியாகக் காயும், மணம் இல்லை. தண்ணியை உள்ளே எடுக்காது, எனவே கொஞ்சத் தண்ணியோடு தொடங்க வேண்டும். சைவக்காரருக்கும் உகந்தது. ருவைஸில் எங்கட அறைக்குப் பக்கத்தில் பாகிஸ்தான், வங்காளதேசம், கேரள முஸ்லிம் நண்பர்கள் இருந்தார்கள். பன்றி மயிர்ப் பிறஷை அவர்கள் தொடமாட்டார்கள். தெரியாமல் ஒருமுறை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு நான் பட்ட வெட்கம் எனக்குத்தான் தெரியும். யாருக்கும் பிறஷ் வாங்கிக் கொடுக்கிறதென்றால் செயற்கை இழையே பயமில்லாதது.

இரண்டாவது கேள்வி, எப்படிக் கட்டினது என்பது. நல்ல பிறஷில் மயிரின் இயற்கை நுனியை வெட்டுவது இல்லை. நுனியைக் கீழே வைத்து ஒரு அச்சில் அடுக்கி, வட்டமான வடிவம் எடுத்து, அடியில் கட்டி, அடிப்பக்கத்தைத்தான் வெட்டுவார்கள். பிறகு பசையில் தோய்த்துப் பிடியில் இறுக்குவார்கள். மலிவான பிறஷில் நுனியை வெட்டி வடிவம் எடுப்பதால் முகத்தில் குத்தும். மயிர்க்கட்டின் விட்டம் 20 முதல் 26 மில்லிமீற்றர் வரை இருக்கும், பிடிக்கு மேலே உயரம் ஏறக்குறைய 50. உயரம் கூடினால் வளைந்து கொடுக்கும், கிண்ணத்தில் கடைய நல்லது. கட்டையாகவும் நெருக்கமாகவும் இருந்தால் முகத்திலேயே தேய்த்து நுரை எடுக்க நல்லது, ஆனால் கட்டி உள்ள தோலுக்கு அது கரடுமுரடு. தம்பிக்கு நான் தேடினது கொஞ்சம் உயரமான, மெல்லிய நுனி உள்ள பிறஷ். பிடி மரமா பிளாஸ்ரிக்கா என்பது கைக்கு மட்டும்தான் தெரியும், முகத்துக்குத் தெரியாது.

மயிர் எங்கே இருந்து வந்தது என்பது எவ்வளவு முக்கியம் என்றதற்கும் அந்த முதலாம் உலகப் போர்தான் சாட்சி. போருக்கு முன்னே ரஷ்யா, சீனப் பக்கத்து மயிர் ஜேர்மனி, பிரான்ஸ் வழியாகச் சுத்தம் செய்யப்பட்டு வந்தது. போர் வந்து அந்த வழி குழம்பியது. சுத்தம் செய்யாத குதிரை மயிரைப் பாட்ஜர் மாதிரி நிறம் காட்டிப் பிறஷ் கட்டினார்கள். அதில் அந்திராக்ஸ் கிருமி இருந்தது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் படையினரும் பொதுமக்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோருக்கு முகத்தில் புண் வந்தது, பலர் இறந்தார்கள். 1920இல் பிரித்தானியா ஜப்பானியச் சவரப் பிறஷ் இறக்குமதியையே தடை செய்தது. நஞ்சு வாயுவுக்குத் தப்ப முகம் வழிக்கச் சொன்ன அதே போர், வழிக்கிற பிறஷிலும் சாவை வைத்தது. இப்ப மயிரைக் கிருமி நீக்கித்தான் விற்கிறார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் பேர் தெரியாத பழைய பிறஷைப் பழைய சாமான் சந்தையில் வாங்கிப் பாவிக்காதீர்கள்.

சவர்க்காரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். குளிக்கிற சவர்க்காரத்தின் நுரை கெதியாக உடையும், முகத்தை வறட்டும். சவரத்துக்கென்று செய்ததில் பொற்றாசியம் காரமும் ஸ்ரியரிக் அமிலமும் கிளிசரினும் கூடுதலாக இருக்கும். அதனாலே நுரை தடிப்பாக நிற்கும். கட்டியோ, குச்சியோ, ரியூப்போ, எதுவும் சரி. ஊத வேண்டியது நுரைக் குமிழி அல்ல. பெரிய குமிழி இருந்தால் தண்ணி கூட, அல்லது சவர்க்காரம் குறைவு. தயிர் கடைந்து வெண்ணெய் திரளுகிற பதம்தான் சரியான பதம்.

றேசருக்கு வருவோம். சுருள் தாடி உள்ளவருக்கு ஒரு பிளேட் போதும். பழைய மாதிரி, இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேட் போடுகிற றேசர் ஒன்று வாங்கினால் ஆயுளுக்கும் வரும். பிளேட் மலிவு, எனவே மழுங்க முதல் மாற்றலாம். பாரம் அதற்கே உண்டு, நீங்கள் அமர்த்தத் தேவையில்லை. ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் பிடித்து, சின்னச் சின்ன இழுப்பாக இழுங்கள். அமர்த்துகிற கைதான் வெட்டுகிற கை.

தம்பிக்கு நான் காட்டிக் கொடுத்த முறை இதுதான். முதல் சில கிழமை வழிக்கவே இல்லை. அவன்ரை போமன் நல்ல மனுசன், மாஸ்க் தேவையில்லாத ஸ்ரோர் வேலைக்கு மாற்றி விட்டார். சீழ் இருந்ததற்கு டொக்டரிடம் போனான். இந்தப் பொறுமை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். பிறகு தொடங்கினோம். முகத்தைத் தடவி மயிர் எந்தப் பக்கம் படுக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கன்னத்தில் கீழே படுக்கும், கழுத்தில் பலருக்கு மேலே, சிலருக்குப் பக்கவாட்டில் படுக்கும். முகம் கழுவும்போது பிறஷை ஊற விடு. தண்ணியை உதறு. சவர்க்காரத்தில் அரை நிமிசம் சுற்று. முகத்தில் வட்டமாகப் பூசி, சொட்டுச் சொட்டாகத் தண்ணி சேர்த்துப் பதம் எடு. மயிர் படுக்கிற பக்கமாக ஒருமுறை வழி. திரும்ப நுரை பூசிக் குறுக்காக ஒருமுறை வழி. அத்தோடு விடு. எதிர்ப்பக்கமாக வழிக்காதே. கையால் தடவிக் கொஞ்சம் சொரசொரப்பு இருக்குதே என்று மூன்றாம்முறை போகாதே. மாஸ்க்கின் விளிம்பு படுகிற இடம், நெற்றியோரம், கன்னப் பக்கம், தாடைக்குக் கீழே, அங்கே முள் இல்லையா என்று பார். போதும். குளிர் தண்ணியில் கழுவி, ஊரில் சலூன்காரர் செய்கிற மாதிரிப் படிகாரக் கட்டியை ஒருமுறை தடவி, கழுவித் துடை.

சலூன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் இவ்வளவு பேசுகிறதும் எங்கள் ஊர்ச் சவரத் தொழிலாளிக்கு 15 வயசிலேயே தெரியும். சுடுதண்ணி ஒத்தடம், பிறஷைச் சுற்றுகிற விதம், தோலை விரலால் இழுத்துப் பிடிக்கிற விதம், எல்லாம் அவர் கையில் இருந்தது. நாங்கள் அந்தக் கையைச் சாதியாகப் பார்த்தோம், கலையாகப் பார்க்கவில்லை. கேட்டுப் படிக்கவும் இல்லை. நட்டம் எங்களுக்குத்தான்.

சுத்தம் பற்றி இரண்டு வார்த்தை. காம்பில் எட்டுப் பேர் ஒரு அறை, ஒரு கண்ணாடி. "தம்பி, உன்ரை றேசரை ஒருக்காத் தா" என்பது சாதாரணமாக நடக்கும். இது கூடாது, அண்ணன் தம்பிக்கு நடுவிலும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தில் இருக்கிற ஹெப்பரைற்றிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். ஹெப்பரைற்றிஸ் சி, எச்.ஐ.வி. இரண்டுக்கும் இரத்தம் பட்ட பிளேட் ஒரு வழிதான். சலூனுக்குப் போனால் புதுப் பிளேட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பிறஷும் ஆளுக்கு ஒன்று. வழித்து முடிந்தபின் அடிவரை கழுவி, உதறி, திறந்த இடத்தில் காய விடுங்கள். ஈரத்தோடு அலுமாரியில் பூட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். கொதிதண்ணியில் போட்டால் மயிரும் கெடும், பசையும் இளகும். புதிதில் பத்துப் பதினைந்து மயிர் உதிரும், அது வழக்கம். நிற்காமல் உதிர்ந்தால் பசை சரியில்லை, மாற்றுங்கள்.

அம்மாமார் கேட்பது தெரியும்: "செவ்வாய், வெள்ளியில் வழிக்கலாமோ?" அந்தக் காலத்தில் அங்கே வெள்ளி லீவு. ஆகவே வெள்ளியை என் அம்மாவுக்காகக் காப்பாற்றினேன். செவ்வாயைக் காப்பாற்ற முடியவில்லை. அம்மாவின் சட்டத்தை விடப் பெரிய சட்டம் ஆலை வாசலில் நின்றது.

தம்பி மாஸ்க் சோதனைக்குத் திரும்பப் போன நாள் எனக்கு நல்ல ஞாபகம். மாஸ்க்கைப் போட்டு, காற்று வருகிற வாயைக் கையால் பொத்தி, மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி நின்றது. பத்து விநாடி நின்றது. ஒழுகவில்லை. கண்ணாடிக்குள்ளே அவன் சிரித்தது தெரிந்தது. இப்ப அவன் வேறு நாட்டில் இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகளுக்குத் தகப்பன். போன வருசம் ரெலிபோன் எடுத்து, "அண்ணை, மூத்தவனுக்கு மீசை அரும்புது. நான் காட்டிக் கொடுத்திட்டன்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

இன்றைக்கு வீட்டில் மருத்துநீர் வைத்துக் குளித்திருப்பீர்கள், பிள்ளைகளுக்குக் கைவிசேடம் கொடுத்திருப்பீர்கள். வீட்டில் மீசை அரும்புகிற பிள்ளை இருந்தால் இந்த வருசம் ஒரு பிறஷும் வாங்கிக் கொடுங்கள். வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், கண்ணாடிக்கு முன்னால் பக்கத்தில் நின்று ஒருமுறை காட்டிக் கொடுங்கள். தகப்பன் இல்லாத பிள்ளை அயலில் இருந்தால் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணை, யாராவது ஒருவர் நில்லுங்கள். பத்து நிமிச வேலை. எங்களில் கனபேருக்கு அந்தப் பத்து நிமிசம் கிடைக்கவில்லை.